72-இல் ஒரு பங்கு: டி-34 டாங்கி மாதிரி செய்வது எப்படி?

சென்ற ஆண்டு நம் கல்லூரிக் கண்காட்சியில் மெக்கானிக்கல் அரங்கின் மூலை மேஜையில் ஒரு குட்டிப் பச்சை டாங்கி நின்றதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்களில் பாதிப்பேர் "பொம்மையா பிரதர்?" என்று கேட்டுவிட்டு, எதிர் மேஜையில் ஓடிக்கொண்டிருந்த ஹைட்ராலிக் லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். பொம்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொம்மைக்காகப் புரட்டிய அளவுக்கு தியரி ஆஃப் மெஷின்ஸ் புத்தகத்தை நான் பரீட்சைக்குக்கூடப் புரட்டியதில்லை. அது என் இரண்டாவது டாங்கி. முதலாவது முதலாம் ஆண்டுக் கண்காட்சியில் கேவலப்பட்ட கதையையும் சேர்த்தே சொல்கிறேன். பாடம் அதில்தான் இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது டி-34/85. இரண்டாம் உலகப்போரில் சோவியத் ராணுவம் 1944-ஆம் ஆண்டிலிருந்து களத்தில் இறக்கிய டாங்கி. 85 மி.மீ. பீரங்கி, சுமார் 32 டன் எடை, ஐந்து பேர், பன்னிரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், ஏறக்குறைய 500 குதிரைசக்தி. நம் ஆவடித் தொழிற்சாலையில் செய்த டி-72 அஜேயாவுக்கு இதைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். நிஜ வண்டியின் உடல் நீளம் சுமார் 6.1 மீட்டர், அகலம் 3 மீட்டர். 72-ஆல் வகுத்தால் நீளம் 85 மி.மீ., அகலம் 42 மி.மீ. உள்ளங்கையில் அடங்கிவிடும். பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வருகிறது. விலை இடத்துக்கு இடம் மாறும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணக்கு. இந்தக் கணக்கை மனதில் வைக்காதவன் கையில் எந்த மாடலும் உருப்படாது. நீங்கள் பூசும் பெயிண்ட் 0.1 மி.மீ. தடிமன் என்றால் நிஜ டாங்கியில் அது 7.2 மி.மீ. தடிமன்! தோசை மேல் தோசை ஊற்றின மாதிரி. பெயிண்ட் உரிந்த இடம் என்று 1 மி.மீ. புள்ளி வைத்தால் நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோல் உரிந்திருக்கிறது என்று அர்த்தம். மண் என்று ஆற்றுமணலை ஒட்டினால், 0.3 மி.மீ. மணல்துகள் இரண்டு சென்டிமீட்டர் ஜல்லிக்கல் ஆகிவிடும். நான் முதல் டாங்கியில் ஆற்றுமணல்தான் ஒட்டினேன்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து கையால் முறுக்கிப் பிய்க்காதீர்கள். நகவெட்டியால் பாகத்துக்குச் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியை பிளேடாலும் உப்புத்தாளாலும் சீர் செய்யுங்கள். பிளாஸ்டிக்கிற்கான பசை உண்மையில் பசையே இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக உருக்கிவிடுகிற திரவம். ஒருவகையில் வெல்டிங்தான். ஆகவே இணைப்பில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். அதிகமாக விட்டால் விரல் ரேகை சுவரில் நிரந்தரமாகப் பதியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், தலைவலி நிச்சயம்.

இனி டரெட். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டி-34/85-இன் டரெட் மணல் அச்சில் வார்க்கப்பட்ட எஃகு. நாம் ஃபவுண்டரியில் பார்த்திருக்கிறோமே, மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் சேரும் இடத்தில் வார்ப்பில் ஒரு கோடு விழும். போர்க்காலத்தில் அதைத் தேய்த்து மெருகேற்ற யாருக்கும் நேரமில்லை. அந்தக் கோடு டரெட்டைச் சுற்றி அப்படியே இருக்கும், மேற்பரப்பும் சொரசொரப்பாக இருக்கும். நம் பிளாஸ்டிக் பாகத்திலோ இரண்டு கோடுகள் வரக்கூடும். ஒன்று நிஜ வார்ப்பின் கோடு, பொம்மைக் கம்பெனி வேண்டுமென்றே செதுக்கியது. இன்னொன்று பிளாஸ்டிக் அச்சின் கோடு, தப்பாக விழுந்தது. முதல் கோடு இருக்கவேண்டும், இரண்டாவது போகவேண்டும். நான் முதல் தடவை ஆர்வக்கோளாறில் இரண்டையும் வழித்து எடுத்து, டரெட்டைச் சோப்பு மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டேன். "ஃபினிஷிங் நல்லா வந்திருக்கு" என்று விடுதி முழுக்கக் காட்டினேன் வேறு.

நீஷ்னி தகில், கோர்க்கி, ஓம்ஸ்க் என்று மூன்று ஊர் ஆலைகளில் இந்த வண்டி தயாரானது. ஆலைக்கு ஆலை டரெட் வார்ப்பில் வேறுபாடு உண்டு. எனவே நீங்கள் பார்த்துச் செய்யும் புகைப்படம் எல்லாம் ஒரே ஆலை வண்டியாக இருக்கட்டும். சொரசொரப்புக்கு வழி சுலபம். பட்டியைத் தின்னரில் தயிர்ப் பதமாகக் கரைத்து, முடி கொட்டிப்போன பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி வையுங்கள். காய்ந்ததும் லேசாக உப்புத்தாள். 72-இல் ஒரு பங்கு என்பதால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கவேண்டும்.

உடல் பகுதி வார்ப்பு அல்ல, தகடு. அதில் சொரசொரப்புப் போட்டால் தப்பு. நீஷ்னி தகிலில் அந்தத் தகடுகளை ஃப்ளக்ஸுக்கு அடியில் தானாக ஓடும் இயந்திரத்தால் வெல்டிங் செய்தார்கள். அந்த முறையை அங்கே கொண்டுவந்தவர் எவ்கேனி பாட்டன். 1941-இல் கீவ் நகரிலிருந்து அவருடைய வெல்டிங் நிறுவனமே அங்கே இடம் பெயர்ந்தது. நம் வெல்டிங் பாடத்தில் சப்மெர்ஜ்டு ஆர்க் என்று அரைப்பக்கம் வருமே, அது. ஆகவே நீளமான மூட்டுகளில் வெல்டிங் சீராக ஓடவேண்டும். கைப்பிடி, கொக்கி போன்றவை கையால் பற்றவைத்தவை, அங்கே கொஞ்சம் கோணல்மாணலாக இருந்தால்தான் அழகு.

அடுத்தது டிராக். முதலாம் ஆண்டுக் கண்காட்சியில் ஒரு பெரியவர் வந்தார். என் வகுப்பு நண்பனின் மாமா. ராணுவத்தில் டாங்கிப் படையில் டி-55 ஓட்டி ஓய்வு பெற்றவர். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இந்தச் செயின் ஏன் கொடிக்கயிறு மாதிரி விறைப்பா நிக்குது?" என்றார். எனக்குப் புரியவில்லை. "பெட்டியில அப்படித்தான் வந்துச்சு சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பெல்ட் டிரைவில் இறுக்கமான பக்கம், தளர்ந்த பக்கம் என்று படித்திருக்கிறோம் அல்லவா? டி-34-இல் இயக்கும் சக்கரம் பின்னால் இருக்கிறது. முன்னோக்கி ஓடும்போது அது தரையில் கிடக்கும் டிராக்கைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆகவே கடைசிச் சக்கரத்திலிருந்து அதுவரையுள்ள குட்டித்துண்டுதான் இறுக்கமான பக்கம். மேலே முன்னோக்கிப் போகும் நீளப்பகுதி முழுக்கத் தளர்ந்த பக்கம். அதைத் தாங்க மேலே உருளைகளும் கிடையாது. எனவே டிராக் தன் எடையிலேயே தொய்ந்து சக்கரங்களின் தலைமேல் படுத்துக்கொள்ளும். டி-55-லும் இதே கதைதான், அதனால்தான் பெரியவர் கண்ணில் முதலில் அது பட்டது. ஜெர்மன் டாங்கிகளில் இயக்கும் சக்கரம் முன்னால் இருந்தது. அங்கே ஓடும்போது மேல்பகுதிதான் இழுபடும்.

பெட்டியில் வரும் ரப்பர் மாதிரியான டிராக் ஸ்பிரிங் போல எழும்பும். பிளாஸ்டிக் பசையும் அதில் ஒட்டாது. சக்கரத்தையும் டிராக்கையும் முதலில் பெயிண்ட் செய்து மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் குண்டூசி நுனியால் ஒரு துளி ஃபெவிக்விக். பிறகு டிராக்குக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ரப்பர் துண்டைத் திணித்து அழுத்தி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால் அழகாகத் தொய்ந்திருக்கும். இன்னொரு சுவாரசியம்: இந்த டிராக்கின் பின்களுக்கு வெளிப்பக்கம்தான் நழுவ முடியாது, உள்பக்கம் பூட்டு எதுவும் கிடையாது. ஓட ஓட உள்பக்கமாக நழுவி வரும் பின்னை, வண்டியின் உடலில் பற்றவைத்த ஒரு சரிவான தகடு தட்டித் திரும்ப உள்ளே தள்ளிவிடும். எவ்வளவு மலிவான, எவ்வளவு கெட்டிக்காரத்தனமான டிசைன் பாருங்கள்! மாடலிலும் அந்தத் தகட்டுப் பக்கம் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியவேண்டும்.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அக்ரிலிக் பச்சை, அதில் கொஞ்சம் மஞ்சளும் வெள்ளையும் கலந்து வெளிற வையுங்கள். சின்ன அளவில் அசல் நிறம் கருத்துத் தெரியும். ஏர்பிரஷ் இல்லாவிட்டால் நீர்க்கக் கரைத்து மூன்று நான்கு தரம் பூசுங்கள். என்னுடையது 1945 ஏப்ரல் இறுதியில் பெர்லின் தெருக்களில் ஓடிய வண்டி. நேசநாட்டு விமானங்கள் தப்பாகச் சுட்டுவிடக் கூடாதே என்று டரெட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் கூரையில் வெள்ளைக் குறியும் போட்டிருப்பார்கள். வீரர்கள் கையால் அடித்த சுண்ணாம்புப் பட்டை அது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் காரியம் கெட்டது.

பிறகு பளபளப்பான வார்னிஷ் ஒரு கோட். அதன் மேல்தான் வாஷ். ஓவியர்கள் பயன்படுத்தும் டியூப் ஆயில் கலரில் பழுப்பு எடுத்து டர்ப்பென்டைனில் டிகாஷன் மாதிரி கரைத்து, போல்ட் தலை, மூட்டு, கதவு விளிம்பு ஆகியவற்றின் பக்கத்தில் பிரஷ் நுனியால் தொட்டால் தந்துகிக் கவர்ச்சியால் தானே சுற்றி ஓடும். அடியில் அக்ரிலிக் இருக்கவேண்டும். அடியிலும் எனாமல் என்றால் டர்ப்பென்டைன் அதையும் கரைத்துக் குழம்பாக்கும்.

இங்கேதான் என் முதல் டாங்கி செத்தது. கண்காட்சிக்கு முந்தின ராத்திரி சக்கரங்கள் பக்கம் இன்னும் அழுக்காக இருக்கட்டும் என்று வாஷை ஊற்றியே விட்டேன். காலையில் தூக்கினால் மூன்று சக்கரம் மேஜையில் உருண்டது. அச்சுகள் பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தன. இறுக்கமாகச் செருகிய பிளாஸ்டிக் அச்சு ஏற்கெனவே தகைவில் இருக்கிறது. பெயிண்ட் படாத அந்த இடத்தில் கரைப்பான் புகுந்தால் விரிசல் விட்டு முறிந்துவிடும். இதற்கு ஸ்ட்ரெஸ் க்ராக்கிங் என்று பெயர் இருப்பதை அப்புறம்தான் படித்தேன். மூன்றையும் சோப்புக்கட்டிமேல் சாய்த்து வைத்துத்தான் அன்றைக்குக் கண்காட்சி நடந்தது. இரண்டாம் டாங்கியில் சக்கர ஓட்டையை ஊசி அரத்தால் கொஞ்சம் தளர்த்தி, அச்சின் நடுவில் பித்தளைக் கம்பி செருகிவிட்டேன்.

துருவைப் பற்றி. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் டாங்கியைத் துருப்பிடிக்க வைப்பார்கள், நானும்தான். "ஓடற வண்டியில துரு எங்கேர்ந்து தம்பி வந்துச்சு?" என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆலையிலிருந்து வந்து சில மாதமே ஆன வண்டிகள் ஏராளம். அதற்குள் அடிபட்டு எரிந்தவையும் ஏராளம். தகடு துருப்பிடித்துப் பொரிய அவற்றுக்கு நாள் ஏது? புகைபோக்கி துருப்பிடிக்கும், சூட்டில் பெயிண்ட் நிற்காது. உடலில் மாட்டிய உபரி டிராக் துண்டுகள் துருப்பிடிக்கும். ஓடுகிற டிராக் மழையில் ஒரே இரவில் செம்பழுப்பு ஆகும், ஆனால் நூறு மீட்டர் ஓடினால் தரைபடும் மேடுகள் பளபளத்துவிடும். பள்ளங்களுக்குப் பழுப்பு, மேடுகளில் 4பி பென்சில் தேய்ப்பு, அவ்வளவே. பக்கவாட்டு டீசல் உருளைகளின் மூடியிலிருந்து கருப்பாக வழியும் ஒரு கோடு துருவைவிட உண்மையானது.

பெர்லினில் சேறு கிடையாது, இடிந்த செங்கல் தூசிதான். சாக்பேஸ்டலில் சாம்பலும் இளஞ்சிவப்பும் எடுத்து உப்புத்தாளில் தேய்த்து, மாவைப் பிரஷ்ஷால் கீழ்ப்பாகத்தில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் தட்டினேன். ஆள் ஏறி இறங்கும் இடத்தில் தூசி நிற்காது. அதைச் செய்யும்போதுதான் பெரியவர் அன்று கேட்ட கடைசிக் கேள்வி ஞாபகம் வந்தது. முன்தகட்டில் வலதுபக்கம் இருக்கும் மெஷின்கன்னைத் தொட்டு, "இதுக்குப் பின்னால ஒருத்தர் உக்காந்திருப்பாரே, தீப்பிடிச்சா அவர் எப்படி வெளிய வருவார்?" என்றார். டிரைவருக்கு எதிரே கதவு இருக்கிறது. டரெட்டில் இருக்கும் மூவருக்கு மேலே கதவு இருக்கிறது. இவர் தலைக்கு மேல் வெறும் தகடு. எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் வண்டியின் அடியில் இருக்கிறது. அவர் காலடியில் தரைத்தகட்டில் ஓர் அவசரக் கதவு. அல்லது டிரைவர் வெளியேறிய பிறகு அவர் கதவு வழியாக. முதல் டாங்கியில் நான் அந்த அடித்தகட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று, முழுக்கப் பெயிண்ட் அடித்து என் பெயரையும் பதிவு எண்ணையும் வெள்ளையில் எழுதியிருந்தேன். இரண்டாவது பெட்டியிலும் அடிப்பாகம் தட்டையாகத்தான் வந்தது. படத்தைப் பார்த்து அளவெடுத்து, ஊசியால் அந்தக் கதவைக் கீறி, விளிம்பில் வாஷ் விட்டேன். சென்ற ஆண்டு பெரியவர் வந்தபோது நானே திருப்பிக் காட்டினேன். விரலை அந்தக் கதவின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு டிராக்கைப் பார்த்தார், "இப்ப ஓடும்" என்றார்.

முடித்ததைக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். அறையில் விழும் தூசி 72-இல் ஒரு பங்கு இல்லை, முழு அளவு. ஒரே மாதத்தில் டாங்கிமேல் பஞ்சு விளைந்துவிடும். பதிவு எண்ணை நான் இப்போது பெட்டியின் அடியில்தான் எழுதுகிறேன்.