இருவரும் கடல் பார்க்கப் போவோம்

மர்பி டவுனில் ஒரு கணவன், மனைவி. கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். மனைவி மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வெளியூர் போயிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனார்கள். காதுகுத்துக்குப் போனார்கள். சாவுக்குப் போனார்கள். ஆனால் இருவர் மட்டும் சேர்ந்து எங்கும் போனதில்லை.

ஒரு நாள் இரவு மனைவி சொன்னார்:

"என்னங்க, நான் இன்னும் கடலைப் பார்த்ததே இல்லை."

"நமக்கு எதுக்கு அதெல்லாம்? காசு இருக்கிறவங்க போற இடம் அது."

"போன மாசம் உங்க சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரம் ரூபாய் மொய் வெச்சீங்களே. அது ஏது?"

கணவர் பதில் பேசவில்லை.

யார் சொல்வது சரி? நீங்களே யோசியுங்கள்.

இது வீண் செலவா?

நம் வீடுகள் சிறியவை. சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். கணவனும் மனைவியும் எதைப் பற்றிப் பேசுகிறோம்? வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடக் கட்டணம். வேறு பேச்சுக்கு நேரம் இல்லை.

வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு இல்லை. அன்றுதான் துணி துவைக்கும் நாள். உழைக்கிற மாட்டுக்கே ஒரு நாள் பொங்கல் வைக்கிறோம். உழைக்கிற மனிதருக்கு இரண்டு நாள் ஓய்வு கூடாதா?

ஓய்வு வீண் செலவு இல்லை. கடன் வாங்கி ஓய்வெடுப்பதுதான் வீண்.

எந்த ஊருக்குப் போகலாம்?

கடற்கரை ஊர்கள் பல உண்டு. இந்தப் பாடத்தில் தரங்கம்பாடியைப் பார்ப்போம். அது தமிழ்நாட்டில் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள சிறிய ஊர். கடல், கோட்டை, பழைய தெருக்கள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. உள்ளூரில் ஆட்டோச் செலவு குறைவு.

எப்படிப் போவது?

மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக மயிலாடுதுறைக்கு இரவு ரயில் இருக்கிறது. அல்சூரில் மெட்ரோ ஏறுங்கள். மெஜஸ்டிக்குக்கு அடுத்த நிலையத்தில் இறங்குங்கள். அங்கேதான் சிட்டி ரயில் நிலையம். இரவு ரயில் ஏறினால் காலையில் மயிலாடுதுறை. அங்கிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் போகலாம்.

வெள்ளிக்கிழமை இரவு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில் திரும்புங்கள். திங்கட்கிழமை காலை பெங்களூர் வந்துவிடலாம்.

60 நாளுக்கு முன்பிருந்தே இடம் பதிவு செய்யலாம். ரயில் நிலையக் கவுன்டரில் ஒரு படிவம் தருவார்கள். அதில் பெயர், வயது, போகும் ஊர், போகும் தேதி எழுத வேண்டும். அதை நீங்களே எழுதுங்கள். டிக்கெட் வாங்கியதும் தேதியைப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

பெங்களூரில் பஸ் பலகை கன்னடத்தில் இருக்கும். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறுவது நம்மில் பலருக்குப் பழக்கம். இந்தப் பயணத்தில் விடியற்காலையில் ஜன்னல் வழியே பாருங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை என்று நிலையப் பலகையில் தமிழில் எழுதியிருக்கும். இறங்க வேண்டிய ஊரை யாரையும் கேட்காமல் நீங்களே படித்து இறங்கலாம்.

எவ்வளவு செலவாகும்?

கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. கட்டணங்கள் மாறும். கிளம்பும் முன் கேட்டு, உங்கள் கணக்கை நீங்கள் எழுதுங்கள்.

ரயில், இருவருக்கும் போக வர: 1,400 ரூபாய்
மெட்ரோ, பஸ், ஆட்டோ: 400 ரூபாய்
அறை வாடகை, ஓர் இரவு: 1,000 ரூபாய்
சாப்பாடு, இரண்டு நாள்: 1,200 ரூபாய்
கோட்டைக் கட்டணம், சில்லறைச் செலவு: 300 ரூபாய்
அவசரத்துக்குக் கையில்: 700 ரூபாய்
மொத்தம்: 5,000 ரூபாய்

சனிக்கிழமை வேலைக்குப் போக முடியாது. அந்த ஒரு நாள் கூலியும் போகும். அதையும் மறக்காமல் கணக்கில் சேருங்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி லீவு கேளுங்கள்.

கடற்கரையை ஒட்டிய மாளிகை விடுதியில் வாடகை அதிகம். மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ சாதாரண லாட்ஜில் தங்கலாம். வாடகையை முதலிலேயே கேளுங்கள். ரசீது வாங்கிப் படியுங்கள். இருவரும் அடையாள அட்டை கொண்டு போங்கள்.

காரைக்காலில் மதுக்கடைகளும் உண்டு. இருவர் சேர்த்த பணம் அங்கே கரையக் கூடாது. பணத்தை இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

வாரம் 200 ரூபாய் சேருங்கள். ஆளுக்கு 100 ரூபாய். 25 வாரத்தில் 5,000 ரூபாய் சேர்ந்துவிடும். தபால் நிலையத்திலோ வங்கியிலோ போட்டு வைத்தால் கை வைக்கத் தோன்றாது.

ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கினால் என்ன ஆகும்? 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய் வட்டி. 5,000 ரூபாய்க்கு மாதம் 250 ரூபாய். பத்து மாதத்தில் வட்டி மட்டும் 2,500 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். கடல் பார்த்தது இரண்டு நாள். கடன்காரர் முகம் பார்ப்பது எத்தனை நாள்?

அங்கே என்ன பார்க்கலாம்?

கடற்கரையில் ஒரு கோட்டை இருக்கிறது. அதை டென்மார்க் நாட்டுக்காரர்கள் கட்டினார்கள். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் 1620ஆம் ஆண்டு அனுமதி வாங்கி வியாபாரம் செய்ய வந்தவர்கள் அவர்கள். 1845ஆம் ஆண்டு ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இப்போது கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறை நாள் எது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. பாண்டியர் காலத்துக் கோயில். எழுநூறு ஆண்டுகள் பழையது. கோயிலின் ஒரு பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. கரை நிலையானது இல்லை என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. இந்த ஊரிலும் பலர் இறந்தார்கள். மீனவக் குடும்பங்கள் பாடுபட்டு மீண்டும் எழுந்தன. இன்றும் அவர்கள் அதே கடலுக்குத்தான் மீன் பிடிக்கப் போகிறார்கள்.

மணலில் எழுதிப் படித்தவர்

1706ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து ஒரு பாதிரியார் இந்த ஊருக்குக் கப்பலில் வந்தார். பெயர் சீகன்பால்கு. அப்போது அவருக்குத் தமிழ் தெரியாது. ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. வயது சுமார் 24.

அவர் என்ன செய்தார்? உள்ளூர் வாத்தியாரையும் பிள்ளைகளையும் தம் வீட்டுக்கு வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்தார். அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதி எழுதித் தமிழ் படித்தார். வெட்கப்படவில்லை. அவருடைய முயற்சியால் 1713ஆம் ஆண்டு இந்த ஊரில் தமிழ்ப் புத்தகங்கள் அச்சாயின. அவர் எழுதிய தமிழ் இலக்கணப் புத்தகம் 1716ஆம் ஆண்டு ஜெர்மனியில் அச்சானது.

பெரியவர் ஆன பிறகு எழுத்துப் படிக்க வந்தவர்கள் நாம். "இந்த வயசில் படிப்பா?" என்று நம்மையும் சிலர் கேட்டார்கள். தரங்கம்பாடி மணலில் நிற்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் பெயரை மனைவியும் மனைவி பெயரைக் கணவரும் ஈர மணலில் எழுதிப் பாருங்கள். அலை வந்து அழிக்கட்டும். எழுதத் தெரிந்த கையை எந்த அலையும் அழிக்காது.

கவனம்

கால் நனைத்தால் போதும். ஆழத்துக்குப் போக வேண்டாம். திரும்பும் அலை காலை இழுக்கும்.
நீச்சல் தெரிந்தாலும் கடலை நம்பக் கூடாது.
கடல் எப்படி இருக்கிறது என்று மீனவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு நடங்கள்.
பிள்ளைகளைப் பாட்டியிடமோ சித்தியிடமோ விட்டுப் போங்கள். தங்கும் இடத்தின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள்.

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. மனைவி கேட்ட கேள்விக்குக் கணவர் ஏன் பதில் பேசவில்லை?
2. ரயில் டிக்கெட் வாங்கியதும் என்ன செய்ய வேண்டும்?
3. சீகன்பால்கு யாரோடு உட்கார்ந்து தமிழ் படித்தார்?

கணக்குப் போடுங்கள்

1. வாரம் 250 ரூபாய் சேர்த்தால் 5,000 ரூபாய் சேர எத்தனை வாரம் ஆகும்?
2. மூன்று வட்டிக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கினால் ஒரு வருடத்தில் வட்டி எவ்வளவு?

பேசிப் பாருங்கள்

இன்று இரவு உங்கள் கணவரிடம் அல்லது மனைவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாம் இருவரும் போக நினைத்த ஊர் எது?" அவர் சொல்லும் பதிலை நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். அதன் கீழே தேவைப்படும் பணத்தையும் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோரும் படித்துக் காட்டுவோம்.