தெளிந்த நீரும் தேர்ந்த அறிவும்

நீரின் இயல்பை அறிய மாந்தர் நெடுங்காலம் கண்ணையும் நாவையுமே நம்பி வந்தனர். கலங்கிய நீரைத் தீயது என்றும், தெளிந்த நீரை நல்லது என்றும் கொண்டனர். கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைக்கும் வழக்கம் நம் நாட்டில் தொன்மையானது. ஆயினும், தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் ஆகுமா? இவ்வினாவிற்கு விடை காண நூலைப் புரட்டினால் மட்டும் போதாது. கையால் செய்து பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே! ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் மழைநீரையும், இரண்டாவதில் ஊர்க் கிணற்று நீரையும், மூன்றாவதில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சம அளவில் ஊற்றுங்கள். சோப்புக் கரைசலைத் துளித் துளியாக விட்டு, ஒவ்வொரு முறையும் புட்டியை மூடிக் குலுக்குங்கள். நுரை அடங்காது நிற்பதற்கு எத்தனை துளிகள் வேண்டியிருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைநீர் சில துளிகளிலேயே நுரைக்கும். நிலத்தடி நீருக்கோ பெரும்பாலும் மிகுதியான துளிகள் தேவைப்படும். அதில் வெண்ணிறக் கசடு மிதப்பதையும் காணலாம். மூன்று நீரும் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றின. ஆனால், அவற்றின் வேற்றுமையைத் துளிகளின் எண்ணிக்கை காட்டிவிட்டது.

இதன் காரணம் யாது? மண்ணிலும் பாறையிலும் ஊறி வரும் நீர், சுண்ணாம்பு உப்புகளையும் மக்னீசிய உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அவ்வுப்புகள் சோப்புடன் கூடிக் கசடாக மாறுவதால் நுரை எளிதில் எழுவதில்லை. இத்தகைய நீரைக் கடின நீர் என்பர். அந்நீரைக் கொதிக்கவைத்து, ஆறிய பின் வடிகட்டி, மீண்டும் சோதியுங்கள். துளிகள் குறையுமாயின், குறைந்த அளவு தற்காலிகக் கடினத்தன்மை ஆகும். கொதித்தும் நீங்காதது நிலைத்த கடினத்தன்மை ஆகும்.

அடுத்து, அதே நீரில் சிறிதளவைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு மெல்லச் சூடேற்றி ஆவியாக்குங்கள். அடியில் தங்கும் வெண்படிவம் நீரில் மறைந்திருந்த உப்பே. கோடையிலும் மாரியிலும் ஒரே கிணற்று நீரை இவ்வாறு சோதித்து, நாளையும் அளவையும் எழுதிவைத்தால், அக்கிணற்றின் வரலாறே நம் கையில் இருக்கும். சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தமையால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்ப்பாயின. இத்தகைய மாறுதல்களை உரிய காலத்தில் உணர்த்த வல்லவை தொடர்ந்து எடுத்த அளவுகளே.

எனினும், இச்சோதனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் பிராடு தெருப் பகுதியில் காலரா பரவியது. 10 நாள்களில் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் அத்தெருவின் அடிகுழாய் நீரை உருப்பெருக்கியால் நோக்கினார். ஐயத்தைத் தீர்க்கும் சான்று கிட்டவில்லை. ஆதலின், வீடு வீடாக வினவி, மாண்டோர் எந்த நீரைப் பருகினர் என ஆராய்ந்தார். அவர் வேண்டியபடி செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அண்டை வீட்டுக் கழிவுக்குழியின் கசிவு அக்கிணற்றை அடைந்தமை 1855இல் தோண்டிப் பார்த்தபோது புலனாயிற்று. பின்னர் 1884இல் இராபர்ட் காக் என்னும் அறிஞர், கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டறிந்தார்.

சோப்புத் துளியோ பீங்கான் கிண்ணமோ அக்கிருமியைக் காட்ட மாட்டா. ஒரு சோதனை எதை உணர்த்தும், எதை உணர்த்தாது என அறிந்திருத்தலும் அறிவியலின் ஒரு பகுதியே. ஆதலின், உங்கள் ஊர் நீரை அளந்து எழுதுங்கள். கிணற்றருகே கழிவுநீர் தேங்குகிறதா எனச் சென்று நோக்குங்கள். ஐயம் தீரும்வரை காய்ச்சிய நீரையே பருகுங்கள்.