பொம்பளைச் சீக்கும் பறங்கிப் புண்ணும்

நம்பிக்கை: அதெல்லாம் அடுத்தவனுக்கு வருகிற நோய்.

உண்மை: இதற்கு நம் மொழியும் உடந்தை. பால்வினை நோய்க்கு ஊர்ப்பேச்சில் இன்னும் ‘பொம்பளைச் சீக்கு’ என்றுதான் பெயர். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் தொற்றும். பழி மட்டும் அவளுக்கு. சிபிலிசுக்குப் பழைய பெயர் பறங்கிப் புண். அங்கே குற்றவாளி கப்பலேறி வந்த வெள்ளைக்காரன். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் விழிப்புணர்வு விளம்பரமாக ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டது நினைவிருக்கும். ஊரே புள்ளிராஜாவைச் சொல்லிச் சிரித்தது. ‘எனக்கு வருமா?’ என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

நம்பிக்கை: வெட்கமும் பயமும் இருந்தால் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருப்பார்கள்.

உண்மை: அந்தமானின் ஃபீனிக்ஸ் பே மாதிரி படகுத்துறையைச் சுற்றியுள்ள சின்ன வட்டாரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காண்டம் வாங்க வந்த இருபது வயதுப் பையன் நிற்கிறான். கடைக்காரர் அப்பாவின் சிநேகிதர். பக்கத்தில் பிரஷர் மாத்திரைக்கு நிற்பது எதிர்வீட்டு அத்தை. “என்ன தம்பி வேணும்?” என்றதும் இருமல் மிட்டாய் ரெண்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறான். அன்று இரவு அவன் போக நினைத்த இடத்துக்குப் போகாமலா இருப்பான்? வெட்கம் தடுத்தது ஆணுறையை மட்டும். ஒரு பெண்ணின் கைப்பையில் அது இருந்துவிட்டாலோ, ஊர் அவளுக்கு வேறு பெயரே வைத்துவிடும். ஆகவே அவளும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

நம்பிக்கை: உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஒன்றும் இல்லை.

உண்மை: கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாது, சிலருக்குக் கருக்குழாயைக் கெடுத்தபின் குழந்தை இல்லையே என்று போகும்போதுதான் தெரியவரும். சிபிலிஸ் புண் வலிக்காது, தானாக ஆறியும்விடும். கிருமி போகாது. கேட்க வெட்கப்பட்டு ஏதோ ஒரு களிம்பு தடவியவன், களிம்புதான் குணமாக்கியது என்று நண்பனுக்கும் சிபாரிசு செய்வான்.

நம்பிக்கை: டெஸ்ட்டுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும்.

உண்மை: 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. 2017-ல் வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது. ஓ.பி. வரிசையில் பின்னால் நிற்கிற பக்கத்து வீட்டு அக்காவை எந்தச் சட்டமும் கட்டிப்போடாதுதான். முகம் காட்டாமல் விசாரிக்க 1097 என்ற உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

மருந்துக்கும் தயங்க வேண்டாம். வெட்டை நோய், கிளமிடியாவுக்கு அரசு தருவது சாம்பல் நிற கிட்: அசித்ரோமைசின், செஃபிக்சிம், ஒரே வேளை, இலவசம். துணையும் அதே மருந்தைச் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பலர் தடுக்கி நிற்பது இங்கேதான்: அவளிடம் எப்படிச் சொல்வது? ‘உன்னாலதான்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், மாத்திரை அவள் கைக்குப் போய்ச் சேரும்.