செட்டு மாத்திரையும் என் வயிறும்

மெடிக்கல் கடையில் "ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் சீட்டில் உள்ளதை மட்டும் விழுங்குகிறவர்களுக்கு இது தேவைப்படாது. விம்கோ நகரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்களோ, என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவரும் கிடையாது.

ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை போட்டிருக்கிறேன். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி தயாராக இருக்க வேண்டுமென்றால் விடிவதற்குள் அடுப்பு எரிய வேண்டும். மத்தியானம் வரை நின்றபடிதான் வேலை. முட்டி வலிக்காமல் என்ன செய்யும்? அதற்குத்தான் செட்டு. சின்னக் காகிதக் கவரில் கத்தரிக்கோலால் நறுக்கிய அட்டைத் துண்டுகள் வரும்: வலிக்கு ஒன்று, குட்டியாக வெள்ளையில் ஒன்று, 'கேஸுக்கு' ஒன்று. நறுக்குகிற நறுக்கில் மருந்தின் பேர் இருக்கிற பக்கம் கடையிலேயே தங்கிவிடும்.

முட்டி வலி அடங்கியது, நெஞ்சு கரிக்க ஆரம்பித்தது. "காரச் சட்னிய வழிச்சி வழிச்சித் தின்னா வேற இன்னா ஆவும்?" என்றார் என் நாத்தனார். காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் குடலில் புண்ணை உண்டாக்குவது அதுவல்ல என்று பிறகு டாக்டரே சொன்னார். அதை நாத்தனாரிடம் சொன்னேன், காதில் வாங்கவில்லை. அவர் சொன்ன வைத்தியம் குளிர்ந்த பால். குடித்த கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அப்புறம் அந்தப் பாலே அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

டைஜீன், ஜெலுசில் எல்லாம் குடித்தேன். அவற்றில் இருப்பது அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. வயிற்றில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிற அமிலத்தை முறிக்கும், அவ்வளவுதான். புதிதாக ஊறுவதைத் தடுக்காது. பொங்கும் பாலில் தண்ணீர் தெளிக்கிற வேலை அது. அடுப்பைத் தணிக்கிற மாத்திரை வேறு. ஜெலுசிலை வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். அலுமினியம் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஈனோ சோடா உப்பு. பிரஷர் உள்ளவர்கள் தினம் கலக்கிக் குடிக்கிற பண்டம் இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். செட்டில் 'கேஸுக்கு' வந்தது ரானிடிடின். ஹிஸ்டமின் சொல்லித்தான் வயிறு அமிலம் சுரக்கும். அந்தச் சொல் போய்ச் சேராமல் இது தடுக்கும். எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு இரைப்பையில் புண் வராமல் காப்பாற்ற அந்தச் சாதாரண அளவு போதாது. புண் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது, நான் பாட்டுக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். தாங்க முடியாமல் எரிந்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பேன். அந்த அளவுக்கு எரியாமல் பார்த்துக்கொண்டது அந்த மூன்றாவது மாத்திரை.

மலம் கறுப்பாக, தார் போலப் பிசுபிசுத்துப் போனது. நாற்றமும் வேறு மாதிரி. யாரிடம் சொல்வது இதை? மாவு ஊற்றும்போதே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துப் பூக்கடைப் பெண்தான் ஆட்டோ பிடித்தாள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோபி செய்து, இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது என்றார்கள்.

"முட்டிக்கு என்னம்மா போடுறீங்க?" என்றார் டாக்டர். என் மகன் கவரை நீட்டினான். பெரியது டைக்ளோஃபினாக், குட்டி வெள்ளை ஸ்டீராய்டு என்றார். வயிற்றின் உள்தோலைக் காக்கிற சளிப்படலம் சுரக்க உடம்பில் ப்ராஸ்டகிளாண்டின் வேண்டும். வலி மாத்திரை வலியோடு சேர்த்து அதையும் குறைத்துவிடும். ஸ்டீராய்டும் கூடினால் ஆபத்து இன்னும் அதிகம். வலி மருந்தை ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். தப்பு. ரத்தம் வழியாகவும் அது வயிற்றுக்கு வந்து சேரும்.

மெடிக்கல் கடையில் போய்க் கேட்டேன். "நீங்கதானம்மா செட்டு கேட்டீங்க?" என்றார். நான் கேட்டேன்தான். சீட்டு இல்லாமல் டைக்ளோஃபினாக் விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்கா தெரிந்திருக்க வேண்டும், அவருக்கா? ரானிடிடினில் என்.டி.எம்.ஏ. என்கிற, புற்றுநோய் தரக்கூடிய கலப்பு இருப்பதாக உலகம் முழுக்க 2019-இல் பேச்சு கிளம்பி, 2022-இல் நம் அரசே அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. கவரில் போடுகிற கைக்கு அந்தச் சேதி எட்டவேயில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது பான்டோப்ரசோல். அமிலத்தை வெளியே தள்ளும் பம்பையே இது பூட்டிவிடும். நாம் சாப்பிடும்போதுதான் பம்புகள் வேலைக்குக் கிளம்பும், அதற்கு முன்னால் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். எனவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். "வெறும் வயித்துல மாத்திரையா?" என்று வீட்டில் பதறினார்கள், நான் அசையவில்லை. உடைக்காமல், கடிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள் ஆகும், முதல் நாளே திட்டாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கிறதா என்று கேட்டுப் பரிசோதியுங்கள். அல்சருக்குப் பெரிய காரணம் அதுதான் என்று கண்டுபிடித்த மார்ஷல், வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய டாக்டர்களுக்கு 2005-இல் நோபல் கொடுத்தார்கள். அதில் மார்ஷல் நிரூபிக்க வேண்டிக் கிருமியைத் தானே குடித்தவர். ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கூடவே ஜெலுசில் குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் அப்படியே; நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுக்காது. நெஞ்சு அடைத்து வியர்த்தால் கேஸ் என்று ஈனோ கலக்கிக்கொண்டிருக்காமல் ஈ.சி.ஜி. எடுக்க ஓடுங்கள். பான்டோப்ரசோலை வருஷக்கணக்கில் நாமாகத் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் குறையலாம். டக்கென்று நிறுத்தினாலோ அமிலம் முன்பைவிட எகிறும். தொடர்வதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

முட்டிக்கு இப்போது பாராசிட்டமாலும் மேலே தடவுகிற மருந்தும்தான். கடையில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன்.

போன மாதம் நாத்தனாருக்கு நெஞ்சு கரிப்பு. "உன் மாத்திரைல ரெண்டு குடு" என்றார். தர மாட்டேன் என்று சொல்லி ஸ்டான்லி ஓ.பி.க்குப் போகச் சொன்னேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. மெடிக்கல் கடையில் செட்டு வாங்கிக்கொண்டார் என்று என் மகன் சொல்கிறான்.