எடை குறைந்து பிறந்த குழந்தையின் செவிப்புலன்

குழந்தை முதலில் கேட்கிறது. கேட்டதையே பின்னர் பேசுகிறது. செவிப்புலன் குன்றிய குழந்தைக்குப் பேச்சும், பேச்சின் வழியே வரும் கல்வியும் எட்டாமற் போகின்றன. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டிற்குப் பிறவியிலேயே இக்குறை காணப்படுகிறது. எடை குறைந்து பிறந்து, தீவிர சிகிச்சை பெற்று மீண்ட குழந்தைகளிடையே இது பன்மடங்கு மிகுதி.

சென்ற ஆண்டு நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிற்கு வீடு கட்டும் பணிகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். திண்ணையில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி அழைத்தோம், அவன் திரும்பவில்லை. "இவன் அப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தான், ஐயா. கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறானே!" என்றார் பாட்டியார். கதவின் அதிர்வை உடல் உணரும் என்பதை அவர் அறியார். தாயார் மருத்துவமனைச் சீட்டை எடுத்து வந்து காட்டினார். எட்டாம் மாதத்தில் பிறப்பு. எடை 1,400 கிராம். மூன்று வாரச் சிகிச்சை. இறுதி வரியில், செவிச் சோதனைக்கு வருமாறு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அவ்வரியை அவ்வீட்டார்க்குப் படித்துச் சொல்லுவார் ஊரில் ஒருவரும் இல்லாமற் போயினர். இக்குறையில் நமக்கும் பங்குண்டு என்று உணர்ந்தோம்.

அபாயம் எவற்றால் வருகிறது?

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைந்த குழந்தையை எடை குறைந்த குழந்தை என்றும், 1,500 கிராமுக்குக் குறைந்ததை மிகவும் எடை குறைந்த குழந்தை என்றும் மருத்துவர் கூறுவர். எடைக் குறைவு ஒன்றே செவியைக் கெடுப்பதன்று. அதனுடன் சேர்ந்து வரும் இடர்கள் பலவாதலே அபாயத்திற்குக் காரணம்.

முதலாவது, பிறந்தவுடன் அழாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றால் பிராணவாயு குறைதல். இரண்டாவது, கடும் மஞ்சட்காமாலை. நிறைமாதக் குழந்தை தாங்கும் அளவு மஞ்சளும் குறைமாதக் குழந்தையின் செவி நரம்பைத் தாக்கக்கூடும். மூன்றாவது, இரத்தத்திலும் மூளைச் சவ்வுகளிலும் பற்றும் கிருமி நோய்கள். நான்காவது, அந்நோய்களைத் தீர்க்க அளிக்கும் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள். இவை உட்காதின் நுண்மயிர் அணுக்களைச் சிதைக்கக்கூடும். சிதைந்த அணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. எனினும் உயிர் காக்கும் அம்மருந்துகளை வேண்டாம் என மறுத்தல் கூடாது; பின்னர்ச் செவியைச் சோதித்துக்கொள்வதே முறை. கருவுற்ற காலத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா முதலிய நோய்களும், குடும்பத்தில் பிறவிச் செவிடு இருத்தலும் ஏனைய காரணங்கள். ஐந்து நாட்களுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை எதுவாயினும் அதனைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும்.

சோதனையும் சிகிச்சையும்

காதினுள் சிறு கருவியை வைத்து மெல்லிய ஒலியைச் செலுத்தினால், நலமான உட்காது நுண்ணிய எதிரொலி ஒன்றை எழுப்பும். இது முதற் சோதனை. ஆயினும் உட்காது நலமாயிருந்து நரம்பு மட்டும் பழுதுற்றிருத்தலும் உண்டு. ஆகவே தீவிர சிகிச்சை பெற்ற குழந்தைக்கு, ஒலி நரம்பின் வழியே மூளையைச் சென்றடைவதை அளக்கும் 'பெரா' சோதனையும் தேவை. குழந்தை உறங்கும்போதே செய்யப்படும் இச்சோதனைகளால் வலி சிறிதும் இல்லை.

ஒரு மாதத்திற்குள் முதற் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை: இம்மூன்று கெடுக்களையும் நினைவிற் கொள்க. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகள் மொழியில் மேம்பட்டு விளங்குவதை அமெரிக்காவில் கொலராடோ மாநில ஆய்வொன்று 1998-இல் எடுத்துக்காட்டியது. காது கேட்கும் கருவியும் பேச்சுப் பயிற்சியும் பெரும்பாலார்க்கு உதவும். அவை போதாதவர்க்கு உட்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. தகுதியுடைய சிறு குழந்தைகட்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இதற்கு உதவுகிறது.

நாம் செய்யவேண்டுவன

கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் எடை குறைந்து பிறந்த குழந்தைகட்கெனத் தனிப் பட்டியல் வைத்து, மருத்துவமனைச் சீட்டைத் தாயாருக்குத் தமிழில் படித்துக் காட்டுதல் நன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனையைச் சார்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்குச் செல்ல வழிகாட்டுதலும் வேண்டும். சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் செவிக்குறை தோன்றலாம். ஆறு மாதத்தில் குரல் வரும் திசை நோக்கித் திரும்பாத குழந்தையையும், ஓராண்டு நிறைந்தும் ஒரு சொல்லேனும் சொல்லாத குழந்தையையும் உடனே மருத்துவரிடம் காட்டுக. கருவுற்ற தாய்மார்க்குச் சத்துணவும், தவறாத பரிசோதனையும், சிறுமியர்க்கும் சிறுவர்க்கும் தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசியும் வருமுன் காக்கும் வழிகளாம்.

நாம் கண்ட சிறுவன் இப்பொழுது கருவி அணிந்து பயிற்சிக்குச் சென்று வருகிறான். 'அம்மா' என்னும் சொல் தெளிவாக வருகிறது. அவன் இழந்த மூன்று ஆண்டுகளை மீட்டுத்தர நம்மால் இயலாது. நம் ஊராட்சியில் நாளை பிறக்கும் குழந்தைக்கு அவ்விழப்பு நேராமற் காப்பது நம்மால் இயலும். உங்கள் தெருவில் எடை குறைந்து பிறந்த குழந்தை இருப்பின், அதன் மருத்துவமனைச் சீட்டை இன்றே எடுத்து, இறுதி வரி வரை படியுங்கள்.