அகலக் காட்சிக்கும் இயல்புக் காட்சிக்கும் ஏற்ற பெரிய காமிரா

பெங்களூரின் பழைய கண்டோன்மெண்டுப் பகுதியைச் சேர்ந்த காக்ஸ் டவுனிலிருந்து அல்சூர் ஏரிக்கு நடந்தே சென்றுவிடலாம். அங்குள்ள பள்ளி ஒன்றின் ஆசிரியர், ஏரியையும் அதனருகிலுள்ள சோமேசுவரர் கோயிலையும் படம் பிடித்து மாணவர்க்குக் காட்ட விரும்புகிறார் என்று கொள்வோம். ஏரி இடமிருந்து வலமாக நீண்டு கிடப்பது; கோயிலின் கோபுரமோ உயர்ந்து நிற்பது. முன்னதற்கு அகலக் காட்சி வேண்டும். பின்னதற்கு இயல்புக் காட்சியே போதும். இவ்விரண்டையும் ஒரே காமிராவால் எடுக்க இயலுமா? இயலுமாயின், எத்தகைய காமிராவை வாங்குவது? பள்ளியோ அலுவலகமோ இத்தகைய கருவியைப் பல்லாண்டுகளுக்கு ஒரு முறையே வாங்க இயலுமாதலால், இக்கேள்விக்கு முன்கூட்டியே விடை காண்பது நலம்.

தஞ்சையில் ஒரு முன்மாதிரி

இத்துறையில் தென்னிந்தியாவுக்குச் சிறந்ததொரு முன்மாதிரி உண்டு. சென்னை மாகாண அரசு 1856-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைத் தன் நிழற்படக் கலைஞராக நியமித்தது. பெங்களூரே அவருடைய பணிக்கூடமாக இருந்தது. அவர் 1857-ஆம் ஆண்டு டிசம்பரில் சுற்றுப்பயணம் புறப்பட்டு, திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை ஆகிய இடங்களைப் படம் பிடித்தார். மெழுகு ஊட்டிய காகிதமே அவருக்குப் பிலிமாகப் பயன்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 12×15 அங்குலம். அக்காலத்தில் படங்களைப் பெரிதாக்கும் வசதி இல்லை. நெகட்டிவின் அளவே படத்தின் அளவாகும். எனவே பெரிய படம் வேண்டுவோர் பெரிய காமிராவைச் சுமந்தே தீரவேண்டும்.

1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுக்களை டிரைப் படம் பிடித்தார். ஒரே படத்தில் அடங்காத அந்நீண்ட சுவரை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டினார். சுமார் 19 அடி நீளமுள்ள படச்சுருள் உருவாயிற்று. இக்கோயிலின் கல்வெட்டுக்களை ஹுல்ஷ் என்னும் அறிஞர் 1891 முதல் அச்சில் வெளியிடத் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட பதிவு இது. சிறப்பான அகலக் காமிரா ஏதும் இன்றியே இது நிறைவேறியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

காட்சிக் கோணம்

காமிராவைத் தேர்வதற்கு முன், காட்சிக் கோணத்தைக் கணக்கிடக் கற்க வேண்டும். பிலிமின் நீளத்தில் பாதியை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், பாதிக் கோணத்தின் டான்ஜன்ட் கிடைக்கும்.

4×5 அங்குலப் பிலிமில் பயன்படும் நீளம் சுமார் 120 மில்லிமீட்டர். குவியத் தூரம் 150 மி.மீ. ஆயின், 60÷150 = 0.4, பாதிக் கோணம் சுமார் 22 பாகை, முழுக்கோணம் 44 பாகை. இது இயல்புக் காட்சி. அதே பிலிமுக்கு 90 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் கோணம் 67 பாகையாக விரியும். ‘6×17’ எனப்படும் அகலப் படத்தின் உண்மையளவு 56×168 மி.மீ. அதற்கு அதே 90 மி.மீ. லென்ஸ் 86 பாகை தரும். ஏரிக்கரையில் நிற்பவருக்கு இது ஏறக்குறைய ஒரு செங்கோண அளவு காட்சியாகும்.

நான்கு வழிகள்

முதல் வழி, 4×5 காமிராவில் எடுத்த படத்தின் மேலும் கீழும் வெட்டிவிடுவது. இது எளிது, ஆனால் பிலிம் வீணாகும். 84 செ.மீ. நீளப் படம் வேண்டுமாயின், 120 மி.மீ. நெகட்டிவை ஏழு மடங்கு பெரிதாக்க வேண்டும், 168 மி.மீ. நெகட்டிவுக்கு ஐந்து மடங்கே போதும். 4×5 காமிராவின் பின்புறத்தில் 6×12 சுருள் பிலிம் கூட்டைப் பொருத்துவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. 120 வகைச் சுருள் ஒன்றில் அது ஆறு படங்கள் தரும்.

இரண்டாம் வழி, 6×17 படங்களுக்கென்றே அமைந்த காமிரா. லின்ஹாப், பியூஜி முதலிய நிறுவனங்கள் இவற்றைச் செய்தன. இவை விரைவாக இயங்கும், உறுதியானவை. ஆனால் ஒரு சுருளில் நான்கே படங்கள் விழும். மேலும், இவ்வகைக் காமிராக்களிற் பெரும்பாலானவற்றில் லென்ஸை உயர்த்த இயலாது. கோபுரத்தின் உச்சியைப் பிடிக்கக் காமிராவை அண்ணாந்து சாய்த்தால், கோபுரம் பின்னோக்கிச் சாய்வதுபோல் படத்தில் தோன்றும். ஆகவே கோயிலுக்கு வேறொரு காமிரா வேண்டியதாகிவிடும்.

மூன்றாம் வழி, 5×7 அங்குலத் துருத்திக் காமிரா. இதன் பிலிம் 127×178 மி.மீ. அளவுள்ளதாதலால், 6×17 அளவுப் படம் இதனுள் முழுமையாக அடங்கும். பாதியை மறைக்கும் தடுப்பைப் பயன்படுத்தினால், ஒரே பிலிமில் இரண்டு அகலப் படங்கள் எடுக்கலாம். தடுப்பை நீக்கினால் இயல்புப் படம் கிடைக்கும். முன்பலகையில் லென்ஸை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும்.

நான்காம் வழி, சுழலும் காமிரா. 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ‘சர்க்கட்’ இவ்வகையினது. காமிரா சுழலும்போது பிலிமும் உடன் நகர்ந்து, முழுவட்டக் காட்சியையும் பதிவு செய்யும். பெரிய கூட்டங்களின் படங்களுக்கு இது பெயர் பெற்றது. எனினும் நேரான மதிற்சுவர் இதில் வில்போல் வளைந்து விழும். அளவெடுக்க வேண்டிய பதிவுகளுக்கு இது பொருந்தாது.

லென்ஸின் ஒளிவட்டம்

லென்ஸ் வாங்குவோர் குவியத் தூரத்தை மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. அது உண்டாக்கும் ஒளிவட்டத்தின் விட்டத்தையும் கேட்க வேண்டும். 56×168 மி.மீ. படத்தின் மூலைவிட்டம் 177 மி.மீ. ஒளிவட்டம் இதற்குக் குறைந்தால் மூலைகள் இருண்டு போகும். வட்டத்தின் விட்டம் 216 மி.மீ. ஆயின், லென்ஸைச் சுமார் 40 மி.மீ. உயர்த்தவும் இடமுண்டு.

அகலக் கோணத்தில் ஓரங்களுக்கு ஒளி குறைவாகச் செல்லும். எளிய கணக்குப்படி, 43 பாகையில் விழும் ஒளி நடுவில் விழுவதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவே. நல்ல லென்ஸ்களின் அமைப்பு இக்குறையை ஓரளவு தணிக்கும். எஞ்சியதை, நடுவில் கருமையும் ஓரத்தில் தெளிவும் உள்ள வடிகண்ணாடி சமன் செய்யும். அதற்கேற்ப ஒளிபடும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

படங்களை இணைத்தல்

அகலக் காமிரா கிடைக்காத இடங்களில் டிரைப் கையாண்ட முறை இன்றும் பயன்படும். இதில் இரு விதிகள் உண்டு. கல்வெட்டுச் சுவர்போன்ற தட்டையான பொருளுக்குக் காமிராவைச் சுழற்றக் கூடாது. சுவருக்கு இணையாக, ஒரே தொலைவில், பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஏரிபோன்ற திறந்தவெளிக்குக் காமிராவை நகர்த்தாமல் முக்காலியின்மேல் சுழற்ற வேண்டும். சுழலும் அச்சு, லென்ஸினுள் ஒளி நுழையும் துவாரம் தோன்றும் இடத்திற்கு நேராக இருத்தல் அவசியம். இன்றேல் அருகிலுள்ள மரமும் தொலைவிலுள்ள கட்டடமும் அடுத்தடுத்த படங்களில் பொருந்தா. ஒவ்வொரு படமும் அடுத்ததன்மேல் கால் பங்கு படிய வேண்டும். 150 மி.மீ. லென்ஸால் இவ்வாறு எடுத்த மூன்று 4×5 படங்கள் சுமார் 110 பாகைக் காட்சியைத் தரும். ஒளிபடும் நேரத்தை இடையில் மாற்றலாகாது.

தேர்வு

முடிவாக, அகலப் படங்களே பெரும்பான்மையாயின் 6×17 காமிராவும், இரண்டும் சமமாயின் 5×7 துருத்திக் காமிராவும் ஏற்றவை. ஆயின் 5×7 பிலிம் கிடைப்பது 4×5 பிலிமைவிட அரிது. 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டமையால், இந்தியாவில் இன்று வெளிநாட்டுப் பிலிமையே நம்ப வேண்டியுள்ளது. எனவே அகலப் படம் எப்போதாவதுதான் தேவைப்படும் பள்ளிக்கு, 4×5 காமிரா, 90 மி.மீ., 150 மி.மீ. லென்ஸ்கள், உறுதியான முக்காலி, நீர்மட்டம் ஆகியவையே போதும். அகலக் காட்சியைப் படங்களை இணைத்தே பெறலாம்.

செலவைப் பற்றிய எச்சரிக்கையும் டிரைப்பின் வரலாற்றிலேயே உள்ளது. அவருடைய பணிக்கூடம் செலவு மிக்கதென்று கருதப்பட்டு, சார்லஸ் டிரெவெல்யன் ஆளுநராக இருந்தபோது, 1860-இல் மூடப்பட்டது. அதன் பின்னர் அவர் மிகச் சில படங்களையே எடுத்தார். கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதற்குப் பிலிமும் மருந்தும் ஆண்டுதோறும் வாங்கும் வழி இல்லையேல் பணி நின்றுவிடும். விலைப்பட்டியலைக் கேட்கும்போதே, ஓராண்டில் எத்தனைப் படங்கள் எடுக்கப்படும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளல் வேண்டும்.

பயிற்சி

1. 5×7 பிலிமில் பயன்படும் நீளம் 170 மி.மீ. எனில், 210 மி.மீ. லென்ஸ் தரும் காட்சிக் கோணத்தைக் காண்க.
2. பள்ளியின் நீண்ட மதிற்சுவரைப் படம் பிடிக்க வேண்டும். காமிராவைச் சுழற்றுவதா, நகர்த்துவதா? காரணம் கூறுக.
3. அட்டையில் 1:3 அளவில் ஒரு சாளரம் வெட்டி, அதன் வழியே அருகிலுள்ள ஏரியையும் கோபுரத்தையும் மாணவர் நோக்குக. எக்காட்சி அச்சாளரத்துள் நன்கு அமைகிறது?