பெயர்ப்பலகையில் ஒரு மரம்

கேள்வி: ஊர் ஊராகச் சுற்றுகிறீர்களே, வழியில் கற்றுக்கொண்ட சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லுங்களேன்?
– வாசகர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: உங்கள் ஊர்ப் பெயரையே சொல்கிறேன். மதுரை – தேனி பஸ்ஸில் எத்தனையோ தடவை உசிலம்பட்டியைக் கடந்திருக்கிறேன். பெயரை ஒருநாளும் யோசித்ததில்லை. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் துணிப்பையிலிருந்து காய்ந்த தழை வாசனை வந்தது. "என்னம்மா இது?" என்றேன். "உசிலம்பொடிப்பா, தலைக்குத் தேய்க்க. அந்த மரத்து பேருதான ஊருக்கே?" என்றார்.

உசில மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடி அது. கோவைப் பக்கம் அரப்பு என்பார்கள். கையில் கொஞ்சம் கொட்டினார். மங்கிய பச்சை, மாவு போல நைசு. வடிகஞ்சியில் குழைக்கச் சொன்னார். வீட்டில் செய்துபார்த்தேன், நுரைத்தது! இலையில் இருக்கும் சப்போனின் செய்கிற வேலை. எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டது, முடி வறளவில்லை. கண்ணில் பட்டால் மட்டும் நன்றாகவே எரியும், ஜாக்கிரதை.

அன்றிலிருந்து பெயர்ப்பலகைகளை நின்று படிக்கிறேன். ஆலங்குளம், புளியங்குடி நமக்கே புரியும். திண்டிவனமும் புளியங்காடுதான் என்று தெரிந்தபோது அப்படியொரு சந்தோஷம்.

உங்கள் ஊர் வழியாக ஓடி, 2010 கடைசியோடு நின்ற மதுரை – போடி ரயில், 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் திரும்பி வந்துவிட்டது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொடிப்பொடி இலையோடு நிற்கும் உசிலையைத்தான் இப்போது தேடிக்கொண்டு வருகிறேன்.